இரண்டு பேருக்குப் பத்தாயிரம்

அத்தியாயம் 9

பொழுது விடியும் நேரத்தில் பாகீரதியின் பாதங்கள் ஒல்லியாக இருக்கும். ராத்திரி முழுவதும் நீட்டிப் படுத்ததில் வீக்கம் வடிந்துவிடும். பத்து மணிக்குக் கணுக்கால் எலும்பு மறையும். விளக்கு வைக்கும் நேரத்தில் மெட்டி சதைக்குள் புதைந்துவிடும்.

இரண்டு மாதமாக அவள் இதைக் கவனித்து வைத்திருந்தாள். அவள் புருஷன் மஹாதேவன் கவனிக்கவில்லை. அவர் எட்டரை மணிக்குக் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவர். அவர் பெரும்பாலும் பார்த்தது விடியற்காலைக் கால்களைத்தான். ராத்திரியில் அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மஹாதேவனுக்கு வயது நாற்பத்தாறு. வங்காளத்தில் கிடர்பூர் துறைமுக டாக்கில் ஹார்கிரேவ் கப்பல் கம்பெனியில் இருபத்து நான்கு வருஷ உத்தியோகம். இப்போது ஹெட் கிளார்க், சம்பளம் தொண்ணூறு. வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்தே அவருக்கு ஒரே ஆசை. ஐம்பது வயதுக்கு முன்னால் வேலையை விட்டுவிட வேண்டும். அதற்கு எவ்வளவு பணம் போதும் என்பதுதான் நிற்கவில்லை. முதலில் ஐயாயிரம் என்றார். ஐயாயிரம் சேர்ந்ததும் ஏழாயிரம் என்றார். ஏழு சேர்ந்ததும் பத்து.

பத்துக்குப் பக்கத்தில் வந்தபோது சின்னப் பெண் ஜெயாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரத்தில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சர்க்கார் கடன் பத்திரங்களை விற்றார். வெள்ளைக்கார டாக்டர்கள் வந்தார்கள். நர்ஸ் வந்தாள். மூட்டை மூட்டையாக ஐஸ் வந்தது. பெண் பிழைக்கவில்லை. அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதுதான் எட்டாயிரத்துக்கு ஏறியிருக்கிறார்.

போன வாரம் துரை அவரைக் கூப்பிட்டுச் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லண்டனிலிருந்து ஆள் குறைக்கச் சொல்லி உத்தரவு. தானாக விலகுகிறவனுக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். மஹாதேவனுக்கு அது ஆயிரத்து எண்பது ரூபாய். விலகாதவன் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் சொல்லக் கடைசி நாள் இன்று, வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.

*

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மஹாதேவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழித்துப் போட்ட சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் தான் எழுதி வைத்திருந்ததை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"நாகப்பட்டினத்துல வாடகை நாலு ரூபா. உங்கக்கா பேசி வெச்சிருக்கா. அரிசி, பருப்பு, விறகு, பால். துணிமணி. எல்லாம் இருபத்தாறுக்குள்ள அடங்கிடறது, பாகீ."

"அப்புறம் என்ன?"

"எண்பது ரூபா ரயிலுக்கும் சாமானுக்கும் போயிடும். மிச்சம் ஒன்பதாயிரம். அதுக்கு வட்டி மாசம் இருபத்தாறு ரூபா நாலணா. உன் மருந்துக்கும் டாக்டருக்கும் மூணு ரூபா வேணும். அதுதான் இடிக்கிறது. பத்தாயிரம் இருந்தா சரியா வரும்."

"அப்போ மருந்தை அடிச்சிடுங்கோ."

"உனக்கென்ன பைத்தியமா? நாம போறதே உன் உடம்புக்காகத்தான். சமுத்திரக் காத்து வேணும்னு டாக்டர் சொன்னதுக்காகத்தான். மருந்தை நிறுத்திட்டு வெறும் காத்தைக் குடிப்பியா?"

பாகீரதி காப்பி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். இந்த வாக்கியத்தை அவள் நேற்றே தயார் செய்து வைத்திருந்தாள்.

"நேத்து பினோத் டாக்டர் வந்தார். அடுத்தாத்து ஹேம் தீதி கொழந்தைக்கு இருமல்னு. அப்படியே என்னையும் பார்த்தார். குணமாயிடுத்தாம். மருந்தை நிறுத்திடலாம்னார்."

மஹாதேவன் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"நெஜமாவா? எங்கிட்ட இங்கிலீஷ்ல பேசுவார். உங்கிட்ட எப்படிச் சொன்னார்?"

"பங்களா பாஷையிலதான். இருபத்து நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேள். கத்தரிக்கா என்ன விலைன்னு கேக்க உங்களுக்கு பாஷை வரலை. எனக்கு வரும்."

"ஆபீஸுக்கு இங்கிலீஷ் போதும், கூலிக்கு ஹிந்துஸ்தானி போதும். பங்களாவுக்குத்தான் நீயும் உன் பிள்ளை லச்சுவும் இருக்கேளே."

"நம்பலைன்னா பாருங்கோ."

அவள் எதிரில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். மஹாதேவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினார். எடுத்தார்.

"ஐயையோ, என்ன பண்றேள்! பாதத்தைத் தொட்டா எனக்குன்னா பாவம்."

"சும்மா இருடீ. குழி விழலை. போன தடவை அவர் அழுத்தினபோது விரல் பதிஞ்சுது, நானே பார்த்தேன். இப்போ பதியலை."

போன தடவை டாக்டர் அழுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றவில்லை.

அவர் பேனாவை எடுத்து, 'மருந்து, டாக்டர்' என்ற வரியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோடு நடுங்காமல் போயிற்று. பிறகு சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"அஞ்சு மணிக்கு முன்னாடி துரைகிட்ட சொல்லிடறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிடர்பூருக்கு டிராம் இருக்கிறது. அவர் நடந்துதான் போவார்.

*

பினோத் டாக்டர் உண்மையில் சொன்னது வேறு. துர்க்கா பூஜைக்குப் பத்து நாள் முன்னால் சொன்னது அது. பாகீரதியிடம் சொல்லவும் இல்லை. துணைக்கு நின்ற அடுத்த வீட்டு ஹேமாங்கினியிடம், வங்காளத்தில், கைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். மதராஸிப் பெண்ணுக்கு பாஷை தெரியாது என்று நினைத்துவிட்டார்.

"ஹிருதயம் தளர்ந்துவிட்டது. இந்தக் குளிர் தாண்டுவது கஷ்டம். புருஷனிடம் காற்று மாற்றம் என்று சொல்லி வைக்கிறேன். சொந்த ஊரில் போய் இருக்கட்டும்."

பாகீரதி அப்போது ரவிக்கை முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்தாள். டாக்டருக்குத் துண்டை எடுத்து நீட்டினாள்.

ஹேமாங்கினிக்கு மட்டும் தெரியும், இவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது என்று. பாஷையைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

*

பகல் ஒரு மணி. பாகீரதி முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெண்டைக்காய் நறுக்கியதற்கே மூச்சு வாங்கியது. ஹேமாங்கினி முற்றத்துக்கு வந்து, மாடத்தில் இருந்த மருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பேச்சு வங்காளத்தில் நடந்தது.

"பாதி அப்படியே இருக்கிறது. மூன்று நாளாகக் குடிக்கவில்லையா?"

"குடித்தால் தினமும் குறையும். அவர் பார்த்தால் இன்னொரு பாட்டில் வாங்கி வருவார். குறையாமல் இருந்தால்தான் நிறுத்திவிட்டேன் என்று நம்புவார்."

"நிறுத்தச் சொன்னது யார்?"

"பினோத் டாக்டர்."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பாகீரதி பார்க்கவில்லை. "தீதி, அவர் எப்போதாவது உன்னைக் கேட்டால், டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று சொல்லிவிடு."

"நான் சொல்ல மாட்டேன். குளிர் தாண்டாது என்று அந்த மனிதன் சொன்னதை உன் காதாலேயே கேட்டாய். நானும் கேட்டேன். குணமாகிவிட்டது என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாய். உனக்குப் பயம் கிடையாதா?"

முற்றத்துக் குழாயடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது. லக்ஷ்மிநாராயணன் அங்கே நின்றுகொண்டிருந்தான். பாகீரதியின் பிள்ளை, வீட்டில் லச்சு, வயது பத்தொன்பது. அலிப்பூர் கோர்ட்டில் பக்கத்துக்கு இத்தனை என்று கூலி பேசி நகல் எழுதுகிறான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். வங்காளம் அவனுக்குத் தமிழைவிடச் சுலபம்.

ஹேமாங்கினி அவனைப் பார்த்தாள். பாட்டிலை மாடத்தில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

"அம்மா, அவ என்ன சொல்றா?"

"கேட்டுண்டுதானே நின்னே."

"எப்போலேந்து உனக்குத் தெரியும்?"

"பூஜைக்கு முன்னாடிலேந்து. கையைத் தொடை. இலை போட்டிருக்கேன்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

லச்சு உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட சொன்னா இன்னிக்கே வேலையை விட்டுடுவார். மருந்து இருக்கு, இல்லைங்கற பேச்சே வராது. எதுக்கு இந்தப் பொய்?"

"வேலையை விடுவார். அப்புறம் என்ன பண்ணுவார், சொல்லு. ஜெயாவுக்கு என்ன பண்ணினார்?"

அவன் சோற்றையே மறுபடி பிசைந்தான்.

"ஐஸுக்கு மட்டும் நாப்பது ரூபா. கடைசி நாலு நாள் அவ கண்ணையே தொறக்கலை. அப்பவும் புதுசா ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டிண்டு வந்தார். வாசல்ல நின்னு பார்த்துட்டு அறுபது ரூபா வாங்கிண்டு போனான். எனக்கும் அதேதான் பண்ணுவார். எட்டாயிரமும் போகும். நானும் போயிடுவேன். அதுக்கப்புறம் அந்த மனுஷன் நரைச்ச தலையோட டாக்குல யார்கிட்டயாவது போய் வேலைன்னு நிக்கணும்."

"பணம் என்னம்மா பணம்?"

"அது உனக்குத் தெரியாது. ஒரு நாள் காத்தால எழுந்து ஆபீஸ் போகாம உட்காரணும்னு அவர் ஆசைப்பட்டது உனக்குத் தெரியாது. நீ அப்போ பொறக்கலை."

டம்ளரில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு மூச்சு சமனாகும் வரை நிறுத்தினாள்.

"இன்னொண்ணு இருக்கு. அது எனக்கு. இந்த மனுஷனை நான் பகல் வெளிச்சத்துல சரியாப் பார்த்ததே இல்லைடா. ஞாயித்துக்கிழமை தூங்குவார். மிச்ச நாள் கம்பெனிக்கு. ஐப்பசிக்குள்ள நாகப்பட்டினம் போயிட்டா தை வரைக்கும் மூணு மாசம். பகல்ல எதிர்ல உட்கார்ந்து எதையாவது பேசிண்டிருக்கட்டும். அழாம பேசிண்டிருக்கட்டும். தெரிஞ்சா அழுதுண்டே உட்காருவார். அது எனக்கு வேண்டாம். மூணு மாசம் எனக்குப் போதும்."

"பொய் சொல்லிக் கூட்டிண்டு போறே."

"ஆமாம்."

"நாளைக்குத் தெரிஞ்சா என்னையும் மன்னிக்க மாட்டார்."

"கோர்ட்ல தினமும் ஊரார் பொய்யெல்லாம் பக்கம் பக்கமா நகல் எழுதறே. ஆத்துப் பொய் ஒண்ணை வாய்க்குள்ள வெச்சுக்க முடியாதா?"

லச்சுவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகவே அவனுக்குக் கோபமும் வந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

"சாயங்காலம் அப்பா வரட்டும். அவர் முகத்தைப் பார்த்தப்புறம் சொல்றேன், முடியுமா முடியாதான்னு."

"மோர் சாதம் சாப்பிடலை நீ."

அவன் போய்விட்டான். பாகீரதி அந்தச் சோற்றை மாட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, வெயில் நகரும் பக்கமாகத் தானும் நகர்ந்து உட்கார்ந்தாள். கணுக்கால் எலும்பு மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

*

நாலு மணிக்கு கிடர்பூர் டாக்கில் சணல் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஹார்கிரேவ் கம்பெனியின் மாடி அறையில் மஹாதேவன் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். சொந்தச் சாமான் என்று அதிகம் இல்லை. மூக்குக் கண்ணாடிப் பெட்டி, ஒரு பஞ்சாங்கம், ஜெயாவின் சின்ன வளையல் ஒன்று. வளையலைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடினார்.

எதிர் மேஜை ஸ்ரீனிவாசராகவன் பார்த்துக்கொண்டே இருந்தார். கும்பகோணத்து ஐயங்கார். இருபது வருஷ சிநேகிதம். ஒப்பந்தத்தில் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டவர்.

"என்ன ஓய், முடிவு பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு. விலகறேன்."

"பத்தாயிரம் சேர்ந்துடுத்தா?"

"ஒன்பதுதான். ஆனா ஒன்பதே போதும். ஆத்துல அவளுக்கு உடம்பு குணமாயிடுத்து. டாக்டரே மருந்தை நிறுத்தச் சொல்லிட்டார்."

"அப்படியா! பெருமாள் கண் திறந்தார்." ஸ்ரீனிவாசராகவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கையை விடாமலே கேட்டார்: "அப்போ எதுக்கு ஓய் போறீர்?"

"என்ன?"

"இந்த ஊர்க் காத்து அவாளுக்கு ஆகலைன்னுதானே போறதா இருந்தது? இந்த ஊர்ல இருந்துண்டேதானே இப்போ குணமாயிருக்கு?"

மஹாதேவன் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"ஒப்பந்தத்துல உமக்கு நூத்து முப்பது போட்டிருக்கான். நான் பார்த்தேன். மூணே வருஷம். மருந்துச் செலவும் கிடையாது. மாசம் எண்பது மிச்சம் பிடிக்கலாம். வட்டியும் சேர்ந்தா பன்னிரண்டாயிரத்தோட போவீர். அப்பவும் உமக்கு அம்பது ஆகாது. ஒன்பதாயிரத்தோட போய் கத்தரிக்காய்க்காரிகிட்ட ஒரு தம்பிடிக்குப் பேரம் பேசிண்டு நிக்கணுமா?"

"அவளுக்குக் கிளம்பணும்னு இருக்கு."

"யாருக்குத்தான் இல்லை? மூணு வருஷம் கழிச்சுக் கிளம்பட்டுமே. உடம்புதான் தேறிடுத்தே."

ஸ்ரீனிவாசராகவன் கெட்டவர் இல்லை. சிநேகிதனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதன் நாளை முதல் இருக்க மாட்டான் என்பதும் அவர் மனதில் இருந்திருக்கலாம்.

மஹாதேவன் ஜன்னலுக்குப் போய் நின்றார். இருபத்தாறு ரூபாய் நாலணா. காலையில் அது போதும் என்று தோன்றியது. நாலு மணிக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால், எந்தத் தொகையுமே அவருக்கு நாலு மணிக்குப் போதும் என்று தோன்றியதில்லை. ஒரு வருஷம் மழை பொய்த்தால் அரிசி விலை என்ன ஆகும்? பாகீரதிக்கு மறுபடி ஏதாவது வந்தால்? பன்னிரண்டாயிரம் இருந்தால் சமையலுக்கு ஒரு மாமியை வைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் அவள் நின்றது போதும். வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைக்கலாம்.

மனைவிக்காக என்றுதான் யோசித்தார். அதில் சந்தேகமில்லை.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு துரையின் அறைக் கதவைத் தட்டினார். மேஜைமேல் இரண்டு காகிதங்கள் தயாராக இருந்தன.

*

விளக்கு ஏற்றியாயிற்று. பாகீரதி சுவரோரமாகச் சம்மணம் போட்டு, புடவையால் கால்களை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லச்சு எதிரில் ஒரு மனுவின் நகலை வைத்துக்கொண்டிருந்தான். ஒரு வரி எழுதவில்லை.

மஹாதேவன் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார். கையில் மிட்டாய்க்கடை இலைப் பொட்டலம்.

"பாகீ! சந்தேஷ் வாங்கிண்டு வந்திருக்கேன். முகத்தைச் சுளிக்காதே, பிராமணன் கடைதான்."

"கடைப் பண்டம் இந்த ஆத்துக்குள்ள வந்ததில்லையே."

"இன்னிக்கு வரலாம். கையெழுத்துப் போட்டாச்சு."

பாகீரதி பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா கடிதத்தில் எழுதியிருந்த அந்த வீட்டில் கிழக்குப் பக்கம் ஜன்னல் உண்டா என்று யோசித்தாள். பாயை எங்கே போடுவது, அவர் எங்கே உட்காருவார் என்று யோசித்தாள். லச்சு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அவன் ஜெயா போனதற்குப் பிறகு பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தான். சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

"எப்போ கிளம்பணும்?" என்றாள் பாகீரதி.

"எங்கே?"

"எங்கேயா? நாகப்பட்டினத்துக்கு."

"அதுதான் சொல்ல வரேன். கேளு." மஹாதேவன் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். "நாம கிளம்பினது எதுக்கு? உன் உடம்புக்கு. உடம்பு தேறிடுத்து. இங்கேயே தேறிடுத்து. அப்புறம் அரைகுறையா ஒன்பதாயிரத்தோட ஏன் ஓடணும்? மூணு வருஷம், பாகீ. நூத்து முப்பது சம்பளம். முழுசாப் பன்னிரண்டாயிரத்தோட போகலாம். உனக்குச் சமையலுக்கு ஆள் வெச்சுடறேன். நீ வெந்நீர்கூட வைக்க வேண்டாம்."

காகிதத்தின் அடியில் அவர் கையெழுத்து இருந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஐயாயிரம்னேள்" என்றாள் பாகீரதி. "ஏழுன்னேள். பத்துன்னேள்."

"அப்போ எனக்கு விவரம் பத்தாது. இதுதான் கடைசி. இதுக்கு மேல ஒரு பைசா கேக்க மாட்டேன், சத்தியம்."

"இதைத் திருப்பி வாங்க முடியாதா?"

"எதுக்கு வாங்கணும்? நடுவுல விலகினா கம்பெனிக்கு ஆயிரம் ரூபா கட்டணும்னு ஒரு ஷரத்து போட்டிருக்கான். போட்டுக்கட்டும். நான் எதுக்கு விலகப்போறேன்?"

லச்சு மனுவைக் கீழே வைத்தான். அம்மாவைப் பார்த்து வங்காளத்தில் பேசினான். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. கோர்ட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறவன் மாதிரிப் பேசினான்.

"நான் சொல்லிவிடுகிறேன்."

"வேண்டாம்" என்றாள் அவளும் அதே பாஷையில்.

"இப்போது சொன்னால் நாளைக்கே போய் விலகிவிடலாம். ஆயிரம்தானே. கட்டட்டும்."

"ஆயிரத்தை அவர்களுக்குக் கட்டுவார். மீதி ஏழாயிரத்தை என் வைத்தியத்துக்குக் கட்டுவார். நான் கிளம்பும்போது அவர் கையில் ஒன்றும் இருக்காது."

"நீ கேட்ட மூன்று மாதம்?"

பாகீரதி பொட்டலத்தின் நாரை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. பத்து வரும் என்று நினைக்கிறேன்."

"அதிலும் அவர் தூங்குவார்."

"தூங்கட்டும். பகலில்தானே தூங்குவார். பார்த்துக்கொண்டிருப்பேன்."

லச்சு மனுவை மறுபடி எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவும் பிள்ளையுமா என்ன ரகசியம்?" என்று சிரித்தார் மஹாதேவன். "தமிழ்ல பேசுங்கோ, எனக்கும் புரியட்டும்."

"சந்தேஷுல சக்கரை கம்மிங்கறான்."

"சாப்பிடாமலேயேவா? கோர்ட்டுல சேர்ந்தாலே இப்படித்தான். பார்க்காததுக்கெல்லாம் சாட்சி." அவர் ஒன்றை எடுத்து பாகீரதியின் உள்ளங்கையில் வைத்தார். "வர ஞாயித்துக்கிழமை பினோத் டாக்டர் ஆத்துக்குப் போகப் போறேன். வேஷ்டி, வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் தட்டுல வெச்சு மரியாதையாக் குடுக்கணும். உன்னைப் பிழைக்க வெச்ச மனுஷன். நானே நேர்ல போய் இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

லச்சுவும் பாகீரதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள் இருந்தது.

"ஆள் அனுப்பினாப் போறாதா?" என்றாள் அவள்.

"போறாது. நானேதான் போவேன்."

மஹாதேவன் ஒப்பந்தத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். காலையில் கோடு இழுத்த சரக்குச் சீட்டைத் தேடி எடுத்து, நாலாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டார். அதற்கு இனி வேலை இல்லை. பிறகு என்ன தோன்றிற்றோ, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"எங்கே, இன்னொரு தரம் காட்டு. காத்தால அவசரத்துல சரியாவே பார்க்கலை. ஆபீஸ்ல நாள் முழுக்க அதே நினைப்புதான்."

வெளிச்சம் புடவைக் கரையில் விழுந்தது. பாகீரதி கரையை இன்னும் கொஞ்சம் இழுத்து, இரண்டு முனைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"காத்தால பாருங்கோ" என்றாள்.